ரைஸ் குக்கர் இல்லாத ஏதென்ஸ்

பிலடெல்பியாவிலிருந்து நாங்கள் வசிக்கும் எடிசன் நகரத்துக்குத் திரும்பும் வழியில், ரூட் ஒன் நெடுஞ்சாலை ஓரத்து டைனர் உணவகம் ஒன்றில் நிறுத்தியிருக்கிறோம். கடை முதலாளி கிரேக்கர். கோடை விடுமுறைக்கு நாங்கள் போகவிருப்பதும் அவர் நாட்டுக்குத்தான். என் கணவர் சுந்தரும் அவர் நண்பர் ரகுவும், சிரப் பிசுபிசுக்கும் மேஜையில் ஏதென்ஸ் வரைபடத்தை விரிக்கிறார்கள்.

"கைடு ஒருத்தரை புக் பண்ணிடலாம். காலைல இடிஞ்ச கோயில் எல்லாம், மத்தியானம் மியூசியம்," என்கிறார் ரகு. "மாலா, நீங்க அந்த டைம்ல ஹோட்டல்லயே சாதம் வெச்சுட்டா, வந்ததும் சாப்பிட்டுடலாம்."

சுந்தர் தலையாட்டுகிறார். நயாகராவிலும் இப்படித்தான். அவர்கள் படகில் போய் நனைந்தார்கள். நான் மோட்டல் குளியலறையில் ரைஸ் குக்கர் கழுவினேன்.

காப்பி ஊற்ற வந்த முதலாளி வரைபடத்தைப் பார்க்கிறார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். இந்த மேஜையில் இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

"இடிந்த கோயில்கள், மியூசியம், எல்லாம்," என்கிறேன். "கதவைச் சாத்தும்வரை."

"அப்ப சாதம்?" என்கிறார் சுந்தர்.

உங்கள் ஊரில் சோறு கிடைக்குமா என்று முதலாளியிடம் விசாரிக்கிறேன். திராட்சை இலையில் சுற்றித் தருவார்களாம், கறி சேர்க்காமலும் உண்டாம்.

"கேட்டீங்கல்ல?" என்று இவர்கள் இருவர் பக்கமும் திரும்புகிறேன். "அப்புறமும் குக்கர் வரணும்னா, அதுக்குத் துணையா நீங்க ரெண்டு பேரும் ஹோட்டல்ல இருங்க. நான் கைடோட போறேன்."