மேல்மாடிக்குப் போன ஸ்டூல்

மாரீஸ்வரி கல்லலிலிருந்து பஸ் ஏறி வந்து, காரைக்குடியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் சேலை விரித்துக் காட்டுகிறவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு இங்கே சேர்ந்தாள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் பச்சையாய்ப் புடைத்த பிறகும் அதே கண்ணாடி மேசைக்குப் பின்னால்தான் நிற்கிறாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் எதையும் மறக்கவும் மாட்டாள்.

கடை திறந்ததிலிருந்து மூடுகிறவரை நிற்க வேண்டும். அலமாரியில் சாய்ந்தால் சம்பளத்தில் பிடித்தம். கழிப்பறையில் கொஞ்சம் தாமதித்தால் பிடித்தம். பிடிக்கிறவர் பட்டுப் பிரிவு இருக்கும் மாடிக்கு மேனேஜரான பாண்டிமுருகன். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார். பாண்டிமுருகன் அவற்றையெல்லாம் மேல்மாடி குடோனில் அடுக்கிவிட்டார். அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் மட்டும் அவை கீழே இறங்கும்.

மாரீஸ்வரிக்கு அது பழகிப்போனது. சத்தியப்பிரியாவுக்கு நடந்ததைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. பக்கத்து மேசைப் பெண். முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஒரு ஸ்டூல் கேட்டாள். சேலை எடுக்க வந்திருந்தவர்கள் காதில் விழும்படியே பாண்டிமுருகன் சொன்னார்: "உக்காரணும்னா வீட்டுல போயி உக்காரு. இங்க எதுக்கு வந்த?"

அன்று மத்தியானமே சத்தியப்பிரியா விரித்துக் கிடந்த சேலைகள் மேல் மயங்கி விழுந்தாள். கசங்கிய சேலைக்கும் அவள் சம்பளத்தில்தான் பிடித்தார். சில நாள் சம்பளமில்லாமல் வீட்டில் கிடந்துவிட்டு, வேறு வழியில்லாமல் திரும்பவும் வந்து நின்றாள். விழுந்தவள் முகத்தில் தண்ணீர் தெளித்தபோதே மாரீஸ்வரி முடிவு செய்துவிட்டாள். அந்த ஸ்டூலை இந்த மனுஷன் கையாலேயே இறக்க வைக்க வேண்டும்.

அதற்கு வழியைப் பாண்டிமுருகனே கொண்டுவந்தார். அவர் மகளுக்குக் கண்டரமாணிக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது வழக்கம். தன் செல்வாக்கைக் காட்ட, நம்ம கடைக்கே வாங்க என்று அவர்களை வற்புறுத்தி அழைத்து வந்தார். மாடிக்கு மேனேஜராக இருந்தாலும் சம்பந்தியம்மா முன்னால் தான் பெண்ணைப் பெற்றவர் மட்டுமே என்பதை அவர் யோசிக்கவில்லை. மாரீஸ்வரி யோசித்தாள்.

மாப்பிள்ளையின் தாய் அம்மாக்கண்ணு நாற்காலி நிறைய உட்கார்ந்து, முதல் சேலையைத் தாலியோடு வாழும் கட்டுக்கழுத்தி ஒருத்திதான் விரிக்க வேண்டும் என்றாள். பாண்டிமுருகன் மாரீஸ்வரியைக் கைகாட்டினார். அரக்கு விரிந்தது, மயில்கழுத்து விரிந்தது, மாம்பழ மஞ்சள் விரிந்தது. அம்மாக்கண்ணு ஒன்றில் கரை சிறிது என்றாள், ஒன்றில் சரிகை மங்கல் என்றாள். குவியல் இடுப்புயரம் வந்ததும் மாரீஸ்வரி ஒரு காலைத் தூக்கி மறுகாலில் தேய்த்துக்கொண்டாள். அந்தம்மா கண்ணில் படும்படிதான்.

"ஏத்தா, காலு நோகுதா? உக்காந்துக்கிட்டே காட்டேன்."

"உக்காந்தா சம்பளத்துல பிடிச்சுருவாகம்மா."

"அது எந்த மகராசன்?"

மாரீஸ்வரி உடனே சொல்லிவிடவில்லை. கையிலிருந்த சேலையை நுனியோடு நுனி சேர்த்து நீவி மடித்தாள். எதிரே பாண்டிமுருகன் கண்ணாலேயே கெஞ்சுவதை அவசரமில்லாமல் பார்த்து முடித்தாள். பிறகு தலை குனிந்துகொண்டு சொன்னாள்.

"இந்தா நிக்கிறாகளே, உங்க சம்பந்திதான்."

அம்மாக்கண்ணு அவரைத் திரும்பி ஏற இறங்கப் பார்த்தாள். "உக்காந்ததுக்கே பிடிக்கிறவுக, சீர்ல என்னென்னத்தப் பிடிக்கப் போறீகளோ?"

கூட வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களோடு நின்ற பாண்டிமுருகனின் மனைவி தரையைப் பார்த்தாள். அப்படியெல்லாம் இல்லை, இந்தப் பெண் விளையாட்டுக்குச் சொல்கிறது என்று அவர் குழறினார்.

"அப்ப குடோன்ல இருக்க ஸ்டூல எடுத்தாரலாமா சார்?" என்று மாரீஸ்வரி பணிவாகக் கேட்டாள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அந்த மாடியில் எல்லார் கையிலும் வேலை இருந்தது. சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவரே மாடியேறிப் போய், வெள்ளைச் சட்டையில் ஒட்டடை ஒட்ட, ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்தார். மாரீஸ்வரி தூசியைத் துடைத்து அதைச் சத்தியப்பிரியாவின் பக்கம் தள்ளினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் உட்காரும்வரை காத்திருந்தாள்.

"எனக்கும் ஒண்ணு வேணும் சார்."

அவர் மறுபடியும் ஏறினார்.

கடைசியில் அம்மாக்கண்ணு எடுத்தது முதலில் விரித்த அரக்குச் சேலையைத்தான். ஓரம் அடித்து வைக்கிறேன், கல்யாணத்துக்கு முன்னால் நீங்களே வந்து என் கையால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள் மாரீஸ்வரி. அதுவரை தன்னை யாரும் வேலையைவிட்டு நிறுத்த முடியாது என்பதையும் கணக்கில் வைத்தே சொன்னாள். அம்மாக்கண்ணு சரியென்றாள்.

அவர்கள் படியிறங்கியதும் பாண்டிமுருகன் மேசைக்கு வந்தார்.

"வேணும்னேதான செஞ்ச?"

"ஆமா சார்."

"கல்யாணம் முடியட்டும், பாத்துக்கிறேன்."

"எனக்கும் பத்திரிகை வைக்கச் சொல்லிருக்காக, உங்க சம்பந்தி" என்றாள் மாரீஸ்வரி, எழுந்திருக்காமலே. பிறகு குவியலிலிருந்து ஒரு சேலையை மடியில் இழுத்துப் போட்டு மடிக்கத் தொடங்கினாள்.