தரையில் கிடந்த மாளிகை

அண்ணி இறந்துபோன பிறகு, நான் குடியிருந்த லவாலை விட்டு, கர்க்லாண்டில் தனியாக இருந்த அண்ணை வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணை கல்லூரியில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவர். பிரான்சில் அகழியும் மதிலுமாக நிற்கும் ஒரு மத்திய காலத்து மாளிகையின் வரலாற்றை முப்பது வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பிரபு பயந்து பயந்து கட்டிய வீட்டுக்கு எங்கள் வீட்டில் ஏன் இவ்வளவு மரியாதை என்று எனக்கு எரிச்சல்.

அப்போது அவருக்கு மறதி நோய் தொடங்கியிருந்தது. எல்லாம் மறந்துபோவதற்குள் புத்தகத்தை முடித்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே கவலை. அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். பேஸ்மென்ட் தரை முழுக்க, மாளிகையின் வரைபடம் போலக் குறிப்புத் துண்டுகள். மாளிகையில் வாசல் எங்கேயோ அங்கே வாசலைப் பற்றிய குறிப்புகள், அப்பால் மண்டபம், கிணறு, காவல் கோபுரம். எரிந்து திரும்பக் கட்டிய இடங்களில் துண்டின் மேல் துண்டு. எண் ஒன்றும் போடவில்லை. வெறுங்காலோடு அதற்குள் நடந்து நடந்து எழுதுவார். இதையெல்லாம் எனக்கு விளக்கியும் இருந்தார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் கண்ணில் பட்டதெல்லாம் கடுதாசியில் கால் படுவதுதான். ஒரு நாள் குதிக்காலில் ஒரு துண்டு ஒட்டியபடி சமையலறைக்கு வந்து தேநீர் கேட்டார். சரஸ்வதியை மிதித்துக்கொண்டு வந்து தேநீரா என்று ஏசினேன். சிரித்துவிட்டுப் போனார்.

சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் அண்ணையின் மகள் வந்து அவரை ஸ்கான் எடுக்கக் கூட்டிப்போனாள். நான் கீழே இறங்கி, ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கண்ணில் ஒற்றி, பெரிது சிறிது பார்த்து அடுக்கி, ரப்பர் பட்டி போட்டு, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். மேலே ஒரு பூவும் வைத்தேன். தரையையும் துடைத்துவிட்டேன். நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவு எனக்கு.

திரும்பி வந்தவர் கடைசிப் படியில் நின்று வெறும் தரையைப் பார்த்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“வாசல் எந்தப் பக்கம் இருந்தது? உனக்கு ஞாபகம் இருக்கோ?” என்று கேட்டார்.

எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டு மாதமாக அவருடைய கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் அடுக்கிப் பார்த்தோம். அவர் ஒரு துண்டை வாசிப்பார், சுவரைப் பார்ப்பார், பிறகு என்னிடமே நீட்டுவார். பனி கரைந்தபோது வாசிப்பதையும் விட்டுவிட்டார்.

இப்போது காலையில் நானேதான் பரப்பி வைக்கிறேன். அந்தப் பிரெஞ்சு எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. கை போன இடத்தில் வைக்கிறேன். அவர் வெறுங்காலோடு இறங்கி நடக்கிறார். காலில் ஒட்டியதை நானே உரித்துத் தரையில் போடுகிறேன்.

“இதுதானே மண்டபம்?” என்று கேட்கிறார்.

“ஓம் அண்ணை.”

என்னை நம்பி, கொப்பியை எடுத்து எழுதத் தொடங்குகிறார்.