எழுபது கதிரைகள் காத்திருந்த பின்னேரம்

நிரோஷா வந்திருந்தாள், தான் படிப்பிக்கிற பன்வில தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, சேலைக்கு மேல் சுவெட்டரோடு. அவளுடைய அப்பா வந்திருந்தார். சங்கத் தலைவர் பீட்டர் ஐயா முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கமலம் அத்தை வந்தார், வந்ததும் தேத்தண்ணியில் சீனி கூடிப்போச்சு என்றார். நான் இருந்தேன். ராமையா மாமா இல்லை. கரும்பலகையும் இல்லை.

போன மாதம் கண்டி, மஹய்யாவயில் எங்கள் மரண உதவிச் சங்கத்து மண்டபத்துக்கு டைல்ஸ் பதித்து, புதுக் கதிரைகள் இறக்கி, பால் காய்ச்சிய நாள் அது. பொலித்தீன் உறை பிரிக்காத கதிரைகள். புதுப் பிளாஸ்டிக் வாசம் மூக்கைத் துளைத்தது. நல்ல வாசம்தான். ஆனால் பழைய கதிரைகளுக்கு வேறொரு வாசம் உண்டு. ஊதுபத்தி, நனைந்த பந்தல் தறப்பாள், சிந்திய பிளேன்டீ, வாடிப்போன பூ, எல்லாம் சேர்ந்த ஒன்று. அந்த வாசத்துக்குள் இருந்துதான் நான் தமிழ் படிப்பித்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சிங்கள மொழிமூலம்தான் படித்தார்கள். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான் காரணம். வீட்டில் தமிழில் சாப்பிட்டு, தமிழில் அடி வாங்கி, பள்ளிக்கூடத்தில் சிங்களத்தில் கணக்குப் போடுவார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த பிறகுதான் சிக்கல் தெரியவரும். தமிழ்ப் பாடசாலைக்கு மாறவோ, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவோ போனால், முதலில் கேட்பது தமிழ்ப் பாடத்தில் திறமைச் சித்தி, வெறும் பாஸ் போதாது. வாயில் இருக்கும் மொழி சான்றிதழில் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு, தமிழை மட்டும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத வைக்க, சனிக்கிழமைகளில் நான் ஒரு வகுப்பு நடத்தினேன். வேறு இடம் கிடைக்கவில்லை. ராமையா மாமாதான் மண்டபத்துப் பூட்டின் திறப்பைத் தந்தார்.

அவரைக் 'கதிரை ராமையா' என்றுதான் ஊர் கூப்பிடும். மாநகரசபையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் எழுபது கதிரைகளும் அவர் பொறுப்பு. சாவு வீட்டுக்குக் கொடுப்பார், திரும்பி வரும்வரை வாசலில் நின்று காத்திருப்பார். சனிக்கிழமை யாராவது இறந்துவிட்டால் நடுப்பாடத்தில் உள்ளே வந்து, "சேர், மன்னிச்சுக்கிருங்க. கொஞ்சம் எந்திரிங்க புள்ளைகளா, ஒரு ஆளு போயிட்டாரு" என்பார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மிச்சத்தைப் படிப்பார்கள். கரும்பலகையும் அப்படித்தான். அது மரண அறிவித்தல் எழுத வைத்த பலகை, நான் இரவல் வாங்கியது. எத்தனையோ தடவை என் இலக்கணத்தை அழித்துவிட்டு அதில் யாரோ ஒருவருடைய பெயரை எழுதியிருக்கிறேன்.

அந்தப் பலகையை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். எங்கள் குடும்பத்தில் எழுத்து வாசித்த முதல் ஆள் நான். விடியக்காலை ரோட்டுக் கூட்டப் போகும்போது அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பலகைக்கு முன்னால் நிறுத்துவார். "யாருப்பா?" என்பார். நான் எழுத்துக் கூட்டிப் பெயரைச் சொல்வேன். பின்னால் நிற்கிற மற்றவர்களும் கேட்டுக்கொண்டு, "அடப்பாவமே" என்றபடி விளக்குமாற்றோடு நடப்பார்கள். படிப்பால் ஒரு பிரயோசனம் இருக்கிறது என்று நான் கண்டது அங்கேதான். பெரிய ஆளாகிவிட்ட நினைப்பு எனக்கு. அந்த நினைப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை என்பார் கமலம் அத்தை.

நிரோஷா ராமையா மாமாவின் தம்பி மகள். ஒரே வீடு. மாமாவுக்கும் கமலம் அத்தைக்கும் பிள்ளைகள் இல்லை, அவளைத்தான் தூக்கி வளர்த்தார்கள். வகுப்புக்கு வந்த முதல் நாள் நான் ஒரு செய்யுளைச் சொல்லச் சொல்ல அவள் மளமளவென்று எழுதினாள். என்ன வேகம் என்று வியந்து கொப்பியைப் பார்த்தேன். முழுக்கச் சிங்கள எழுத்து! தமிழ்ச் செய்யுளை, ஒரு சொல் விடாமல், சிங்கள எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். வாசிக்கச் சொன்னேன். அட்சரம் பிசகாமல் வாசித்தாள்.

"கை அப்பிடித்தான் போகுது சேர்" என்றாள். "தமிழ்ல எழுதுனா கை நொண்டுது."

பின்னால் கதிரை துடைத்துக்கொண்டிருந்த மாமா, "பேசாம அந்த ரெண்டாம் மொழிப் பேப்பர எழுதேன் புள்ள. அது லேசாம்ல?" என்றார்.

"அது சிங்களப் புள்ளைங்க எழுதுறது பெரியப்பா. நான் ஒங்ககூட எந்த பாஷைல சண்ட போடுறேன்?"

"அதுவும் சரிதான்" என்றார் மாமா. "சண்டைக்குப் பேப்பர் வச்சா நீ ஃபர்ஸ்ட்டு."

அவளுக்கு ஒரு வருஷம்தான் தவணை. தமிழ்ப் பாடசாலை அதிபர் ஒருவர், இந்த முறை திறமைச் சித்தியோடு வந்தால் உயர்தர வகுப்பில் சேர்க்கிறேன், அடுத்த வருஷம் வயது கூடிப்போகும் என்று சொல்லியிருந்தார். அவளுடைய அப்பாவும் அதே வருஷத்தைத்தான் தந்திருந்தார். அதற்குப் பிறகு துணிக்கடை. கடையில் பேசியும் வைத்தாயிற்று.

பரீட்சை ஒரு திங்கட்கிழமை. காலையில் முதல் இரண்டு வினாத்தாள், பின்னேரம் மூன்றாவது. அதற்கு முந்திய சனிக்கிழமை காலை, கடைசி வகுப்புக்காக நான் மண்டபத்துக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. எந்தக் காலத்திலும் அப்படி இருந்ததில்லை. பீட்டர் ஐயா வேறொரு திறப்போடு வந்தார். என்னைப் பார்க்காமல், "தம்பி, பலகைய அழிச்சிருங்க" என்றார். "ராமையா போயிட்டாரு. நெஞ்சு வலின்னு சொன்னாராம், தண்ணி கொண்டு வர்றதுக்குள்ள."

அவருடைய பெயரை நான்தான் எழுதினேன். கதிரைகளையும் நாங்களே சுமந்தோம், அவர் வீட்டுக்கு.

இறுதிக் கிரியை திங்கள் பிற்பகல் இரண்டு மணி என்று சங்கம் குறித்தது. செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கம் எடுக்க மாட்டார்கள். புதன்வரை வைத்திருக்க வசதி இல்லை. மயானத்துக் கேட்டை ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். சங்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு, குறித்த நேரம் மாறாது. ஒரு தரம் கட்டாரில் இருந்து மகன் வருகிறான் வருகிறான் என்று காத்திருந்து, இருட்டில் டோர்ச் அடித்துக் குழி மூடிய பிறகு வந்த சட்டம் அது. கொண்டுவந்தவர் பீட்டர் ஐயா. ஆதரித்துக் கை தூக்கியவர் ராமையா மாமா.

ஞாயிறு மத்தியானம் பந்தலுக்குள் பேச்சு வந்தது. நிரோஷாவின் அப்பா அழுது முடித்த குரலில் சொன்னார். "பரீட்ச வருஷா வருஷம் வரும் சேர். எங்க அண்ணன் ஒருக்காத்தான் போவாரு."

நான் எழுந்து நின்று பேசினேன். கல்வி, சமூகம், எதிர்காலம் என்று நான் பேசியதில் அந்த வருஷத்துக் கட்டுரைத் தலைப்புகள் அத்தனையும் இருந்தன. ஒருவர் கொட்டாவி விட்டார். பீட்டர் ஐயா, "ஒக்காருங்க தம்பி" என்றார்.

நிரோஷா பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். நிமிராமலே சொன்னாள். "நான் எழுதப் போறேன். ஆனா நான் வராம பெரியப்பாவ எடுக்கக் கூடாது. வாய்க்கரிசி நான் போடணும்."

"ரெண்டும் கேட்டா எப்பிடிம்மா?" என்றார் பீட்டர் ஐயா. "சட்டம் ஒண்ணு இருக்குல்ல. ஒன் பெரியப்பா கை தூக்குன சட்டம்."

அப்போதுதான் கமலம் அத்தை வாயைத் திறந்தார். இரண்டு நாளாகப் பேசாதவர். "இந்த ஊருல எந்த வீட்டுக்காரன் அவரு கதிரைய நேரத்துக்குத் திருப்பிக் குடுத்தான்? சொல்லுங்க பாப்போம். மழையில நின்னாரு, ராத்திரியில நின்னாரு, ஒங்க ஒவ்வொருத்தன் வாசல்லயும் நின்னாரு. இன்னைக்கு அவரு கதிரையிலயே குந்திக்கிட்டு, அவருக்காக ஒரு ரெண்டு மணி நேரம் ஒங்களால காத்திருக்க ஏலாதா?"

பீட்டர் ஐயா கொஞ்ச நேரம் தன் கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "நாலரைன்னு மாத்தி எழுதுங்க" என்றார். "அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்காது. நான் நிக்க விடமாட்டேன்."

திங்கள் காலை அவள் தலைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தாள். அவளுடைய அப்பா அவளது அடையாள அட்டையைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். சனிக்கிழமையே எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார் போல. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளக் கூடாது, தெரியும்தானே. அவளும் படி இறங்கிவிட்டாள். இறங்கியவள் திரும்பி, எல்லோருக்கும் கேட்க, "பெரியப்பா, போயிட்டு வந்துர்றேன்" என்றாள். பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். அத்தை மட்டும், "போயிட்டு வா" என்றார்.

பரீட்சை நிலையம் கட்டுகஸ்தோட்டைப் பக்கம். பின்னேரம் நான் ஓர் ஆட்டோவைக் கேட்டில் நிறுத்திக்கொண்டு நின்றேன். மூன்றே முக்காலுக்கு முடிய வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. நாலு மணி ஆகியும் ஒருவரையும் வெளியே விடவில்லை. விடைத்தாள்களை எண்ணுகிறார்களாம். என் போன் அடித்தது. பீட்டர் ஐயா. "மலர்ச்சாலைக்காரன் வண்டி வந்து நிக்குது தம்பி. ட்ரைவருக்கு இன்னைக்கே கலகெதரவுல இன்னொரு சாவு இருக்காம். துள்ளுறான்."

அவள் ஓடி வந்து ஏறினாள். விரலெல்லாம் மை. மஹய்யாவவுக்கு என்றதும் ஆட்டோக்காரர் முறுக்கினார், இருநூறு மீட்டர் போனோம், வாகன வரிசை. கண்டி ரோட்டை உங்களுக்குத் தெரியாததா? வைப்பர் அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

"சேர்" என்றாள். "கடைசிக் கேள்வி. நேரம் போதல. கை அதுபாட்டுக்குப் போயிருச்சு. கடைசிப் பக்கம் சிங்கள எழுத்துல எழுதிட்டேன்."

அவள் பக்கம் திரும்பினேன். "முழுப் பக்கமுமா?"

"பாதிக்கு மேல. கண்டதும் வெட்டிட்டு மறுபடி எழுதுனேன். முடிக்க விடல, புடுங்கிட்டாங்க."

மணியைப் பார்த்தேன். நாலு இருபத்தைந்து. முன்னால் ரயில் கேட் விழுந்தது. அவள் எட்டிப் பார்த்தாள், இறங்கினாள், பரீட்சை அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் ஓடினாள். நான் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். சப்பாத்து வழுக்கி ஓர் இடத்தில் விழவும் செய்தேன். அதை விடுங்கள்.

சந்தி திரும்பியபோது நாலே முக்கால் தாண்டியிருந்தது. வண்டி ரோட்டில் நின்றது, இஞ்சின் போட்டபடி. பின்கதவு திறந்திருந்தது, உள்ளே வெறுமை. பந்தலுக்குள் எழுபது கதிரைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர்கள் ஒழுகுகிற தண்ணீரில் நனைந்துகொண்டு இருந்தார்கள். எழும்பவில்லை. ட்ரைவர் சிங்களத்தில் உரக்கப் பேசிக்கொண்டிருக்க, பீட்டர் ஐயா வண்டிக்கு முன்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் நிற்க விடமாட்டேன் என்ற மனிதர்.

எங்களைக் கண்டதும் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்தார். "நேரம் சரியா இருக்கு" என்றார். "போம்மா. போய் அரிசியப் போடு."

மை படிந்த கையால் அவள் வாய்க்கரிசி போட்டாள். மயானத்துக் கேட்காரர் எங்களை உள்ளே விட்ட பிறகுதான் பூட்டுச் சங்கிலியைக் கையில் எடுத்தார்.

பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று அவள் போனில் எனக்குக் காட்டினாள். திறமைச் சித்தி. ஒரு படி குறைந்திருந்தால் சாதாரண சித்தி, துணிக்கடை. அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருத்தியவர் வெட்டிய சிங்கள வரிகளைப் பார்த்து என்ன நினைத்தாரோ.

இப்போது அந்த வகுப்பு இல்லை. பிள்ளைகள் சூமில் யாரிடமோ படிக்கிறார்கள், என்னைவிட நன்றாகவே படிப்பிக்கிறார்களாம். மரண அறிவித்தல் வாட்ஸ்அப்பில் வருகிறது, பலகைக்கு முன்னால் யாரும் நின்று யாரையும் கேட்பதில்லை. பழைய கதிரைகளைப் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவர் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பால் பொங்கியதும் நிரோஷா ஒரு புதுக் கதிரையின் பொலித்தீனைக் கிழித்து, மோந்து பார்த்து, "பெரியப்பா வாசம் இல்ல சேர்" என்றாள்.

மாமாவை அடக்கிய அன்று மயானத்திலிருந்து திரும்பியதும் மலர்ச்சாலை ட்ரைவர் காத்திருப்புக் கூலி கேட்டார். சங்கச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. பீட்டர் ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் நடந்தார். ஆள் இருந்த கதிரை ஒவ்வொன்றுக்கும் ஐம்பது ரூபாய். நிரோஷாவின் அப்பா தன் பங்குக்கு மேல் கொடுக்கப் பார்த்தபோது கையைத் தட்டிவிட்டார். எழுபது கதிரை, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.