நான் கற்றுக்கொடுத்த ராஜசபை இங்கிலீஷ்

என்னை நம்பி இங்கிலீஷ் கேட்டவனுக்கு, நானூறு வருஷத்துக்கு முன்பு நாடக மேடையில் புழங்கிய இங்கிலீஷைக் கற்றுக்கொடுத்தேன். தெரியாமல் அல்ல, வேண்டுமென்றே.

எண்பதுகளின் நடுவில் சவூதியில், யான்புவில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்ப்பில் இருந்தோம். நான் ஸ்டோர் கிளார்க். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு ஆணி எண்ணிக்கொண்டிருந்த எரிச்சல் எனக்கு. அவன் ராமநாதபுரம் பக்கம், சாரம் கட்டுகிறவன். இருவருக்கும் ஒரே ரூம். அவன் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா இல்லாத வீடு. அவன்தான் போய் நடத்திவைக்க வேண்டும். லீவு வேண்டுமென்றால் இங்கிலாந்துக்கார மேனேஜர் முன் நின்று கேட்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனி வாங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட் கைக்கு வரும்.

"பணிவா கேக்குற மாதிரி நாலு வார்த்தை சொல்லிக் குடுங்கண்ணே."

பழைய நாடகங்களில் சேவகன் அரசனிடம் பேசுகிற வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தேன். 'சார்' வேண்டாம், 'மை லீஜ்'. 'ப்ளீஸ்' வேண்டாம், 'ப்ரிதீ'. ஒரு முழங்கால் தரையில் பட வேண்டும் என்றும் சேர்த்துவிட்டேன். ஒரு வாரம் சிமென்ட் மூட்டைகளுக்கு முன்னால் ஒத்திகை.

"இது எந்த ஊர் இங்கிலீஷ்பா?" என்று ரூமில் ஒருவர் கேட்டார்.

"ராஜா வீட்டு இங்கிலீஷ்" என்றேன். பொய்யில்லை.

மேனேஜர் வயிறு வலிக்கச் சிரித்தார். அதோடு முடிந்துவிடும், லீவும் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அவரோ லீவு பாரத்தை இழுப்பறையில் போட்டுவிட்டு, விருந்தாளி வரும்போதெல்லாம் அவனை சைட்டிலிருந்து வரவழைத்து மண்டியிட்டுப் பேசச் சொன்னார். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"அவருக்கு எம்மேல பிரியம்ணே. இன்னைக்குக்கூட தோள்ல தட்டுனாரு" என்றான்.

அன்று ராத்திரியே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அடிப்பான் என்று காத்திருந்தேன். "அப்ப இத்தனை நாளா நான் கோமாளியா?" என்றான். பிறகு, "அந்த நாடகத்துல எல்லாம் யாரும் யாரையும் திட்டவே மாட்டாங்களா?"

"திட்டுவாங்க."

"அதைச் சொல்லிக் குடுங்க. இந்தத் தடவை அர்த்தத்தோட."

'நேவ்' என்றால் போக்கிரி, 'வார்லட்' என்றால் அயோக்கியன். யார் சொல்லிக்கொடுத்தது என்று மேனேஜர் விசாரிக்காமல் விடமாட்டார். தெரிந்துதான் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த விருந்தில் அவன் மண்டியிடவில்லை. நிமிர்ந்து நின்று புதிய லீவு பாரம் ஒன்றை நீட்டி, இரண்டு வார்த்தைகளையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னான். விருந்தாளிகள் கைதட்டினார்கள். மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. இனி அவனை விருந்தாளிகள் முன் நிறுத்த முடியாது; மறுநாள் காலை பாரத்தில் கையெழுத்து விழுந்தது. மதியம் என்னைக் கூப்பிட்டார். எனக்கு மூன்று மாதம் பாலைவனத்துப் பம்ப் ஸ்டேஷனில் டூட்டி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவன் ஊர் போய்ச் சேர்ந்தான். அவன் திரும்பி வந்த அன்று நானும் சம்பளம் வாங்கக் கேம்ப்புக்கு வந்திருந்தேன். ரூமில் எல்லோருக்கும் கல்யாண அதிரசம் கொடுத்தான். என் கட்டிலருகே வந்ததும், "உங்களுக்கு இல்லண்ணே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனான். அதன்பிறகு எந்தப் பாரம் எழுதவும் என்னிடம் வரவில்லை, வேலைநேரம் குறிக்கிற மலையாளி டைம்கீப்பரிடம்தான் போனான்.