இரண்டு நாள் பூட்டு

ஹாதிக் வீடு வீடாகப் போய் மின்மானி வாசிக்கிறவன். கல்முனையில் தொடங்கிப் பாண்டிருப்பு, மருதமுனை வரைக்கும் அவன் மிதிக்காத வாசல் கிடையாது. மாதம் ஒரு தடவை வருவான், சுவரிலிருக்கும் பெட்டியை அண்ணாந்து பார்ப்பான், பில்லை நீட்டுவான். அதோடு போய்விட்டால் அவன் ஹாதிக் இல்லை. வீட்டுக்காரர் கையில் என்ன போன் இருக்கிறதென்று பார்ப்பான். ஹெலோன் கொம்பனியின் போன் என்றால் முகம் மலரும். வேறு ஏதாவது என்றால் சுகமில்லாத ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, இதை எங்கே வாங்கினீர்கள் என்று மெதுவாகக் கேட்பான்.

நான் பக்கீர், தையல்காரன். பத்து வருடமாக என் கடை வாசல் வாங்கில் உட்கார்ந்துதான் அவன் பத்து மணித் தேநீரைக் குடித்தான். அதனால் அந்தக் கொம்பனியின் வரலாறு எனக்கு என் சொந்த வம்ச வரலாற்றை விட நன்றாகத் தெரியும். பாட்டுக் கேட்கும் வயர் குத்துகிற ஓட்டையை ஹெலோன்காரன் எடுத்தபோது, ஓட்டை இருந்தால் தண்ணீர் போகும் என்றான் ஹாதிக். பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதை நிறுத்தியபோது, வீட்டில் ஏற்கனவே நாலு கிடக்கிறதே என்றான். பற்றரியைக் கழற்ற முடியாதபடி ஒட்டியபோது, கண்டவன் கையெல்லாம் உள்ளே போகக் கூடாது என்றான். கொம்பனி யோசிக்காமலா செய்யும் என்பது அவன் வாயிலிருந்து மாதத்துக்கு நூறு தடவையாவது வரும். நாளைக்கு அவன் போனையே எடுத்துவிட்டு வெறும் பெட்டியைத் தந்தாலும் நீ வாங்குவாய் என்று ஒருநாள் பகிடி பண்ணினேன். அவன் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, பாரம் குறையும் என்றான்.

ஒருவகையில் அவனைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் மனைவி வீட்டுக்குப் போவது. வீடு அவளுடையது. அவன் மனைவி ஸம்ஸியாவின் வீட்டில் கூரைக்கு ஓடு போடுவதா தகரம் போடுவதா என்று ஹாதிக்கிடம் எவரும் கேட்டதில்லை. போன் என்று வந்தால் மட்டும் அந்தக் குடும்பம் முழுவதும் அவனைச் சுற்றி நிற்கும். ஸம்ஸியாவின் தம்பி அர்ஷாத் எல்லாரிலும் முன்னுக்கு நிற்பான்.

அர்ஷாத்துக்கு ஒலுவில் துறைமுகத்தில் ஒரு சின்னப் படகு இருந்தது. அவனும் பாண்டிருப்புத் தம்பிமுத்துவும் மட்டும் போவார்கள். கடலுக்கு அடியில் மீன் அடைகிற கல்லுப்பார் எங்கெங்கே இருக்கிறது என்பதைக் கடல்காரன் பெண்டாட்டிக்கும் சொல்ல மாட்டான். அர்ஷாத்திடம் அப்படிப் பதினேழு இடம் இருந்தது, அத்தனையும் வாப்பா வழியாக வந்தவை. அவற்றின் இலக்கங்கள் ஒரு பழைய ஜீபீஎஸ் மெஷினுக்குள் கிடந்தன. கடலில் திசை பிடித்துக் கரைக்கு வருவதும் அந்த மெஷினை வைத்துத்தான். யாராவது பொத்தானை அமத்திப் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில், கரைக்கு வந்ததும் அதைச் சாரத்துக்குள் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவான்.

இதற்கும் வழி சொன்னவன் ஹாதிக்தான். ஹெலோன் உன் விரலுக்கு மட்டும்தான் திறக்கும், வேறு எவனாலும் பார்க்க ஏலாது என்றான். பதினேழு இடத்தையும் தன் கையாலேயே போனுக்குள் ஏற்றிக் கொடுத்தான். பிறகு மெஷினிலிருந்ததை, அதுவும் தன் கையாலேயே, அழித்தான். திசைகாட்டியும் போனுக்குள் இருந்தபடியால் படகில் வேறெதுவும் தேவைப்படவில்லை, மெஷின் வீட்டிலேயே கிடந்தது. அர்ஷாத்துக்கு அன்று சந்தோசம் தாங்கவில்லை.

போன வருடம் மாரி தொடங்குகிற நேரம் கொம்பனி இன்னொரு முடிவு எடுத்தது. இனிமேல் ஹெலோன் போன் இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் தானாகவே பூட்டிக்கொள்ளும், மறுபடி இணையம் கிடைத்தால்தான் திறக்கும். சொந்தக்காரனின் விரலுக்கும் திறக்காது. இதைச் சொல்லும்போது ஹாதிக்கின் கண் மின்னியது.

"நல்ல முடிவு காக்கா. களவெடுத்தவன் ரெண்டு நாளைக்கு மேல வெச்சிருக்க ஏலா."

சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகிறவன் என்ன செய்வது என்று கேட்டேன். இந்தக் காலத்தில் இரண்டு நாளைக்கு மேல் எவன் சிக்னல் இல்லாமல் இருக்கிறான் என்று என்னையே திருப்பிக் கேட்டான். நான் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த இடத்தில் வாயை மூடியதற்கு என்னை நானே இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் ஜும்ஆ முடியாமல் கடலில் இறங்குவதில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்து பகல் சோறு தின்ன அர்ஷாத் தன் ராத்தா ஸம்ஸியாவின் வீட்டுக்கு வந்தான். அவன் தின்று முடிப்பதற்குள் ஹாதிக் அவனுடைய போனை வாங்கிப் புதிய பூட்டை ஏற்றிவிட்டான். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு படகு போனது. ஞாயிற்றுக்கிழமை விடியலுக்கு வந்துசேர வேண்டும். கணக்குச் சரிதான், அரை நாள் மிச்சமும் இருந்தது.

ஞாயிறு விடிந்தது, படகு வரவில்லை. சனிக்கிழமையிலிருந்து வானம் மூடியே கிடந்தது, சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஆனாலும் துறைமுகத்தில் எவரும் பதறவில்லை. மீன் பட்டிருக்கும், அதுதான் சுணங்குகிறான், கையில் வழிகாட்டப் போன் இருக்கிறதுதானே என்றார்கள். அசர் நேரம் ஸம்ஸியா, தம்பி இன்னும் வரவில்லை என்றாள். அப்போதுதான் ஹாதிக் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறான். வெள்ளி மஃரிபோடு, பொழுது படுகிற நேரம், சிக்னல் போயிருக்கும். அப்படியென்றால் இன்றைய மஃரிபோடு போன் பூட்டிக்கொள்ளும்.

எண்ணியதை அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை. மஃரிபு நேரம் அர்ஷாத்தின் மனைவி றுஸ்னா ஹாதிக்குக்குப் போன் எடுத்துப் பயமாக இருக்கிறது என்றபோதும், ஒன்றும் நடக்காது என்றுதான் சொல்லியிருக்கிறான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு என் கடைக்கு வந்தான். தேநீரைத் தொடவில்லை. கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவன், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நேத்து மஃரிபோட அர்ஷாத்ட போன் பூட்டியிருக்கும் காக்கா."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஆருக்கிட்டயாவது சொன்னியா?"

"கொம்பனிக்கு எழுதியிருக்கன். ஒரு நாளைக்குள்ள பதில் வரும் எண்டு போட்டிருக்கானுகள். அவனுகள் ஒரு வழி வெச்சிருப்பானுகள்தானே."

கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஒலுவிலுக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க அவனை ஏசினேன். துறைமுகத்தில் நாலைந்து பேர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அர்ஷாத்தின் கையில் இப்போது வழி காட்ட ஒன்றுமில்லை என்று சொன்னதும் வலையைப் போட்டுவிட்டு எழும்பினார்கள். பகல் ளுஹர் தொழுகைக்கு முன்னமே ஏழு படகு இறங்கியது. கடற்படைக்கும் அறிவித்தார்கள். ஆனால் எந்தப் பார் பக்கம் தேடுவது? பதினேழு இடத்தில் ஒன்றுகூட எவருக்கும் தெரியாது. கையால் ஏற்றியவன் நீதானே, ஒரு இலக்கமாவது ஞாபகமில்லையா என்று ஹாதிக்கைக் கேட்டார்கள். ஊரிலுள்ள அத்தனை வீட்டின் போன மாத மின்மானி இலக்கத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிறவன் அவன். இந்த இலக்கங்களை மட்டும், போன் வைத்திருக்கும் என்று விட்டுவிட்டான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர், நேற்று அசருக்குச் சொல்லியிருந்தால் அப்போதே இறங்கியிருப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம் கொம்பனியிடமிருந்து பதில் வந்தது. ஹாதிக் ஓடிவந்து எனக்குக் காட்டினான். உங்கள் போன் பாதுகாப்பாக இருக்கிறது, இணையத்தோடு இணைத்ததும் திறந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். பார்த்தீர்களா, சொன்ன நேரத்துக்குள் பதில் போட்டுவிட்டார்கள் என்றான். அவனை அறைய என் கை எழும்பியது. அவன் முகத்தைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டேன். அவனுக்குத் தான் என்ன சொல்கிறேன் என்பதே தெரியவில்லை.

செவ்வாய் அசருக்குப் படகைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே தம்பிமுத்து மட்டும் இருந்தார், பலகையோடு தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேச்சு வர ஒரு நாள் ஆனது. ஞாயிறு பின்னேரம்தான் படகைக் கரைப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். பாதி வழியில் போன் பூட்டிக்கொண்டது. அர்ஷாத் விரலைச் சாரத்தில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தானாம், ஈரத்தால் திறக்கவில்லை என்று நினைத்து. குத்துமதிப்பாக ஓடியதில் படகின் எண்ணெய் தீர்ந்துபோனது. பிறகு காற்று எழும்பி, அலை படகைச் சரித்தது.

"திங்கக்கிழம விடியும் மட்டும் என்னோட கதைச்சிக்கிட்டுத்தான் இருந்தார். விடிஞ்சி பாக்கக்குள்ள ஆளில்ல," என்றார் தம்பிமுத்து.

வெள்ளிக்கிழமை தேடுவதை நிறுத்தினார்கள். அன்று றுஸ்னாவின் வீட்டுக்கு நானும் ஹாதிக்கும் போனோம். உள்ளே பெண்கள் அர்ஷாத்துக்காக யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் முன்மண்டபத்தில் நின்றோம். அறைத் திரைக்கு அந்தப் பக்கம் றுஸ்னா வந்து நின்றது, திரையின் கீழே தெரிந்த காலில்தான் தெரிந்தது. தம்பிமுத்து சொன்னதெல்லாம் அவளுக்கும் போயிருந்தது. அவள் அழவில்லை, குரல் தெளிவாக இருந்தது.

"ஹாதிக் காக்கா, ஞாயித்துக்கிழம நான் போன் எடுக்கக்குள்ள, அவர்ட போன் பூட்டும் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

ஓதல் சத்தம் நின்றது. கொம்பனியைப் பற்றி ஏதாவது சொல்லப் போகிறான் என்று நான் பயந்தேன்.

"ஓம்," என்றான் ஹாதிக்.