யார் மூட்டிய அடுப்பு

பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டு, ஒக்டோபர். யூதர்களின் கூடாரத் திருநாள் முடிந்து வந்த முதல் ஞாயிறு. அப்போது மொன்ட்ரியாலின் மேற்கில் யூதரின் உணவு விதிப்படி, அதாவது கோஷராக, சமைக்கும் ஒரு விருந்து மண்டபத்தில் சமையற்காரனாக இருந்தேன். யூதரல்லாத நாங்கள் சமைக்கலாம்; அடுப்பை மட்டும் யூதர் ஒருவர்தான் மூட்டவேண்டும். அதற்கென, விதிகளை இறுக்கமாகக் கடைப்பிடிக்கும் ஆசாரப் பிரிவைச் சேர்ந்த மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார்.

அன்று ஒரு பெண்ணின் தகப்பன், அவள் மணக்கவிருந்தவனோடு முதன்முறையாக ஒரே மேசையில் சாப்பிட உடன்பட்டிருந்தார். கோஷர் என்றால் மட்டும். இதில் பிசகினால் அப்பா கலியாணத்துக்கும் வரமாட்டார் என்று அவளே எங்களிடம் வந்து சொல்லியிருந்தாள். தகப்பன் ஆசாரப் பிரிவு. மாப்பிள்ளையோ நியூயோர்க்கில் சீர்திருத்தப் பிரிவில் வளர்ந்தவன். அவனுடைய தாய் யூதர் அல்ல. தகப்பன் யூதராயிருந்து, பிள்ளை யூதனாக வளர்ந்தால் சீர்திருத்தப் பிரிவுக்குப் போதும். ஆசாரப் பிரிவுக்கும், இடையில் நிற்கும் பழமைபேண் பிரிவுக்கும் தாய்வழிதான் கணக்கு.

கோப்பை கழுவும் மன்னார்ப் பெண்ணுக்கு இது விளங்கவில்லை. "ஒரே வேதம்தானே அண்ணை?"

"உங்கட பாதிரியாரும் பெந்தெகொஸ்துப் போதகரும் ஒரே பைபிள்தானே வச்சிருக்கினம். ஒண்டாப் பூசை வைப்பினமே?"

அவள் சிரித்தாள்.

மீன் சட்டியை அப்போதுதான் ஏற்றியிருந்தேன். ரொட்டிக்கடை வண்டியிலிருந்து பாண் இறக்குவதற்காகப் பின்கதவைத் திறந்தார்கள். காற்றில் அடுப்பு அணைந்தது. மேற்பார்வையாளர் வாசலில் பாண் பெட்டிகளின் கோஷர் முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்து நின்ற மாப்பிள்ளை, நான் கையைப் பின்னுக்கு இழுத்ததைக் கண்டு, தான் யூதன்தானே என்று சொல்லி மூட்டிவிட்டான்.

மேற்பார்வையாளர் திரும்பி வந்தார். யார் மூட்டியது என்று கேட்டார். "நான்" என்றான் அவன். அவருடைய கை திருகிவரை போய் நின்றது. மீன் இன்னும் வேகவில்லை. வேகுமுன் யூதர் ஒருவர் அணைத்து மூட்டினால் சட்டி தப்பும். அது எனக்கும் தெரியும். ஆனால் அவன் முன்னால் அதைச் செய்வது, நீ யூதன் அல்ல என்று முகத்துக்கு நேரே சொல்வது. மண்டபத்தில் தகப்பனின் குரல் கேட்டது. அவர் வந்துவிட்டார்.

மணப்பெண் உள்ளே வந்தாள். மேற்பார்வையாளரைப் பார்த்தாள், மாப்பிள்ளையின் கையிலிருந்த தீமூட்டியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் திருகியை மூடி, திறந்து, தானே மூட்டினாள். மேற்பார்வையாளர் தலையசைத்தார்.

"உனக்குமா நான் யூதன் இல்லை?" என்றான் அவன்.

"அப்பாவுக்காக."

தகப்பன் மீனை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். கலியாணத் திகதியைப் பற்றி அவராகவே பேச்செடுத்ததாகப் பரிமாறியவர்கள் வந்து சொன்னார்கள். மாப்பிள்ளையின் தட்டு மீன் தொடப்படாமல் திரும்பி வந்தது. மன்னார்ப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தட்டை வாங்கி, மீனைக் குப்பையில் தட்டினேன்.