மெசின் நின்ற நேரத்தில் வந்த யானைகள்

பாறையில் துளைத்த குழிகளில் வெடிமருந்து ஏற்றியாயிற்று. வயர் இழுத்தாயிற்று. சைரனும் ஊதியாயிற்று. அப்போதுதான் காட்டுக்குள்ளிருந்து யானைகள் வந்தன.

கல்முனை, மருதமுனைப் பக்க வீட்டு வேலைகளுக்கு ஆற்று மணல் கிடைப்பது கஷ்டமான பிறகு, எங்கள் கிறஷரில் கருங்கல்லை நொறுக்கி எம் சாண்ட் என்ற செயற்கை மணல் அரைக்கத் தொடங்கினோம். மலையில் வெடி வைத்துக் கல்லை விழுத்துவது என் பொறுப்பு.

வந்தவை நான்கு பெரிய யானைகள், ஒரு குட்டி. மலையடியில் தேங்கிக் கிடந்த தண்ணீருக்கு வந்திருக்க வேண்டும். அவற்றின் தலைக்கு நேர் மேலே பாறை முழுக்க மருந்து. மறுபடி சைரன் ஊதினோம். குட்டியை நடுவில் விட்டு நெருங்கி நின்றுகொண்டன, அவ்வளவுதான்.

மேற்கே வானம் கறுத்து இடி முழங்கத் தொடங்கியது. டெட்டனேட்டர் எல்லாம் கரண்ட் வகை. மின்னல் கிட்ட விழுந்தால் யாரும் அழுத்தாமலே வெடித்துவிடும்.

மறைப்புக்குள் என் பக்கத்தில் நின்ற முதலாளி சொன்னார்: "வெடியப் போடுங்க. மின்னல் விழுந்தா அது தானா வெடிக்கும். அப்ப மட்டும் யான தப்புமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் குட்டியைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"கண்ணால கண்டுட்டு நான் அழுத்த மாட்டன் ஹாஜியார்."

கிறஷர் ஒப்பரேட்டர் தவராசா, தம்பிலுவில் ஆள், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுபவர், அதிகம் கதைக்க மாட்டார். அன்று கதைத்தார்.

"காக்கா, மெசின் ஓடக்குள்ள ஒரு நாளும் இதுகள் இந்தப் பக்கம் வந்ததில்ல. வெடிக்காக நிப்பாட்டினதாலதான் வந்திரிக்கு. நான் போய் ஸ்டார்ட் பண்ணுறன்."

கிறஷர் இருந்தது கல் பறந்து விழும் எல்லைக்குள். "இடி வருது தவராசா" என்றேன்.

"ஓம், தெரியும். அதான் கெதியாப் போகணும்."

வெடியை அழுத்தும் எக்ஸ்புளோடர் பெட்டியிலிருந்து வயரைக் கழற்றி, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி, பெட்டியின் திறப்புச் சாவியை என் சட்டைப்பையில் போட்டேன். மின்னலுக்கு இதெல்லாம் கணக்கில்லை என்று அவருக்கும் தெரியும். ஓடினார்.

மோட்டர் உறுமியது. மிச்சமிருந்த பெரிய கற்களை, கல்லைக் கடித்து நொறுக்கும் ஜோவுக்குள் விட்டார். கல் நொறுங்கும் அதிர்வு நிலத்தின் வழியாக வந்து எங்கள் கால்களில் ஏறியது. முன்னால் நின்ற பெரிய யானை ஒரு காலைத் தூக்கி, மெதுவாக நிலத்தில் வைத்துப் பார்த்தது. பிறகு திரும்பியது. தும்பிக்கையால் குட்டியைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் நடந்தது. மற்றவை பின்னால் போயின. ஒன்றுகூட ஓடவில்லை.

"சுபஹானல்லாஹ்" என்றார் முதலாளி.

தவராசா மெசினை நிறுத்திவிட்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் வயரை மறுபடி மாட்டி, கடைசி சைரன் ஊதி அழுத்தினேன். பாறை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு மலையின் முகமே கழன்று இறங்கியது. எத்தனை தரம் பார்த்தாலும் அந்த ஒரு கணம் எனக்குப் பழகாது. தூசி அடங்கியபோது தண்ணீர் தேங்கிய பள்ளம் இல்லை. அதன்மேல் ஒரு டிப்பர் பருமனில் கல் கிடந்தது. மழையும் கொட்டத் தொடங்கியது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மருந்து ஏற்ற முந்தி வானத்தைப் பாருங்கள். காட்டுப் பக்கம் ஒரு ஆளை நிறுத்துங்கள். மெசின் நின்றதும் இடம் நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதீர்கள். நாம் நிறுத்துவதற்காகக் காத்திருக்கும் உயிர்களும் இருக்கின்றன.